நரம்பு வேகம், ஹார்மோன் நிதானம் என்ற அட்டவணை எங்கே உடைகிறது?

ஜூன் 3, மாலை 6.10 (கேள்வி)

பாடப்புத்தகத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. நரம்பு: மின்சாரம், வேகம், கொஞ்ச நேரம், ஓரிடம். ஹார்மோன்: வேதிப்பொருள், நிதானம், நீண்ட நேரம், உடல் முழுக்க. "நரம்பு தொலைபேசி, ஹார்மோன் தபால்" என்று சொல்லி ஆசிரியரும் முடித்துவிட்டார். உடல் தன்னைத்தானே கட்டுப்படுத்துவதைப் புரிந்துகொள்ள இது போதும் என்பது என் கட்சி. ஒன்று மட்டும் உறுத்துகிறது. பயந்தால் அந்த நொடியே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சரி, நரம்பு. ஆபத்து விலகிய பிறகும் கை ஏன் நடுங்குகிறது? இதை யாராவது சொல்லிவிட்டால் இந்த விவாத இழையை மூடிவிடலாம்.

ஜூன் 3, இரவு 9.40 (பதில்)

அட்டவணை பொய் இல்லை, மதிப்பெண் வாங்கித் தரும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நோயாளியின் பக்கத்தில் போய் நின்றால் பாதி விஷயம் புரியாது.

முதலில் நடுக்கம். பயந்ததும் இரண்டு காரியம் ஒரே சமயத்தில் தொடங்குகிறது. பரிவு நரம்புகள் (உடலை அவசரத்துக்குத் தயார் செய்பவை) நேராக இதயத்துக்குப் போய், அட்ரினலினின் நெருங்கிய உறவான நார்அட்ரினலினை அங்கேயே விடுகின்றன. அதே பரிவு நரம்புகளின் இன்னொரு கிளை, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உள்பகுதிக்குப் போகிறது. அது அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. ரத்தத்தில் கலந்ததைத் திரும்பக் கூப்பிட வழி கிடையாது. கல்லீரலும் மற்ற திசுக்களும் சிதைத்துத்தான் தீர வேண்டும். அட்ரினலினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 2 முதல் 3 நிமிடம். பெரும்பகுதி தீர்ந்துபோக பத்து நிமிடம் ஆகிவிடும். அதுவரை அது தசைகளில் வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இழுப்பவர்களுக்கும் கை லேசாக நடுங்கும். காரணம் அதேதான்: தசையில் அட்ரினலின் போய் உட்காரும் அதே ஏற்பிகளை அந்த மருந்தும் தட்டுகிறது.

எனக்கே நடந்திருக்கிறது. வண்டி ஓட்டும்போது குறுக்கே ஒருவர் பாய்ந்தார். பிரேக்கை மிதித்தபோது கை கல் மாதிரி இருந்தது. ஓரமாக நிறுத்தி, அவரும் ஒன்றுமில்லாமல் போய்விட்டார் என்று தெரிந்த பிறகுதான் ஸ்டீயரிங்கில் இருந்த விரல்கள் ஆட ஆரம்பித்தன. மனம் அடங்கிவிட்டது, ரத்தம் அடங்கவில்லை.

இழையை மூட வேண்டாம்.

ஜூன் 4, காலை 7.15

"நரம்பு: மின்சாரம்" என்ற முதல் கட்டமே பாதிதான் சரி. மின்சாரம் நரம்பின் முனை வரைக்கும்தான். அங்கிருந்து அடுத்த செல்லுக்குப் போவது பெரும்பாலும் வேதிப்பொருள். 1921இல் ஓட்டோ லோவி இதைத் தவளை இதயத்தை வைத்துக் காட்டினார். ஒரு இதயத்தின் வேகஸ் நரம்பை (மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கி அதை மெதுவாக்கும் நரம்பு) தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து, நரம்பைத் தொடாத இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின் என்பது பிறகு தெளிவானது. 1936இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு.

இந்தச் சோதனை அவருக்குக் கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். நள்ளிரவில் எழுந்து குறித்து வைத்தாராம், காலையில் தன் கையெழுத்தே புரியவில்லையாம். மறுநாள் இரவு மறுபடியும் கனவு வர, இந்த முறை எழுதவில்லை, நேராக ஆய்வகத்துக்குப் போய்விட்டார். கையெழுத்து மோசமாக இருப்பவர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

ஜூன் 4, மதியம் 1.05

"வேகத்தில் வித்தியாசம் இருக்கிறது அல்லவா, அதை எப்படி மறுப்பீர்கள்?" என்று ஒருவர். மறுக்கவில்லை. ஆனால் நரம்பு என்றால் ஒரே வேகம் என்று நினைக்காதீர்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளை நரம்பில் முதன்முதலாக அளந்தபோது வினாடிக்குச் சுமார் 27 மீட்டர் வந்தது. மனித உடலில் தடித்த, மயலின் என்ற கொழுப்பு உறை போட்ட இழைகள் வினாடிக்கு 120 மீட்டர் வரை போகும். உறை இல்லாத மெல்லிய வலி இழைகளோ வினாடிக்கு 1 மீட்டர் அளவில் ஊர்கின்றன. கால் கட்டைவிரலை மேசைக்காலில் இடித்துக்கொண்டு பாருங்கள். சுருக்கென்று ஒரு வலி உடனே வரும். "அப்பாடா, அவ்வளவுதானா" என்று நினைப்பதற்குள் இரண்டாவது வலி, விண்விண் என்று வந்து சேரும். அதுதான் மெல்லிய இழையின் வேகம்.

இன்னொரு பக்கம், ஓய்வாக இருக்கும்போதே ரத்தம் உடலைச் சுற்றிவர ஒரு நிமிடம் அளவுதான் ஆகும். ஆக, "தபால்" ஒரு நிமிடத்தில் ஊர் முழுக்கப் போய்விடுகிறது. ஹார்மோனின் நிதானம் பயணத்தில் இல்லை. வேறு எங்கேயோ இருக்கிறது.

ஜூன் 4, இரவு 10.30

எங்கே என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். என் பதில் இதுதான். ஒரு செய்தி எப்படித் தொடங்குகிறது என்பதை விட, எப்படித் தீர்கிறது என்பதைப் பாருங்கள். உடலின் கட்டுப்பாட்டில் பாதி வேலை செய்தியை அழிப்பது.

அசிட்டைல்கோலினை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு முனையிலிருந்து வெளியே வந்ததும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடைத்துவிடுகிறது. அந்த நொதியின் ஒரு மூலக்கூறு வினாடிக்கு ஆயிரக்கணக்கில் உடைக்கும். அதனால்தான் செய்தி மில்லி வினாடிகளில் முடிகிறது, விரல் உடனே அடுத்த அசைவுக்குத் தயாராகிறது. இப்போது இந்த நொதியை மட்டும் முடக்கிவிடுங்கள். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து விஷம் அதைத்தான் செய்கிறது. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, செய்தியும் சரியாகத்தான் வருகிறது, ஆனால் முடியவே மாட்டேன் என்கிறது. கண்ணின் பாவை சுருங்கிப்போகும், வாயிலும் மூச்சுக்குழாயிலும் நீர் கொட்டும், இதயம் மெதுவாகும், தசை துடிதுடித்துப் பிறகு செயலிழக்கும். மருத்துவமனையில் அட்ரோபின் ஏற்றுவது, அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடங்களில் ஒரு பகுதியை அடைத்து வைப்பதற்காக. "வேகமான" செய்தி வேகமாக இருப்பது, பின்னாலேயே துடைத்துக்கொண்டு ஒருவர் வருவதால்தான்.

மறுகோடியில் தைராய்டு சுரப்பி விடும் ஹார்மோனான தைராக்சின். அரை ஆயுள் சுமார் 7 நாள். நான் தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுகிறவன். அளவை மாற்றியதும் அடுத்த வாரமே ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. "ஆறு வாரம் கழித்து வாருங்கள், அதற்கு முன் பார்ப்பது வீண்" என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது. கணக்குப் போட்டால் நியாயம் தெரிகிறது: 7 நாள் அரை ஆயுள் உள்ள பொருள் ரத்தத்தில் புது மட்டத்துக்கு வந்து நிலைக்க ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். அதைப் பார்த்து, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தன் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். என்றாவது ஒரு நாள் மாத்திரை மறந்துபோனால் உடம்பில் ஒன்றும் தெரியாமல் இருப்பதும் இதனால்தான். மறக்கலாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு நடுவில் இன்சுலின். அதுவும் ஹார்மோன்தான், ஆனால் கணையம் விடும் இன்சுலின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஐந்து நிமிடம் அளவுதான். ஏழு நாள் ஒன்று, ஐந்து நிமிடம் ஒன்று. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு "நிதானம்" என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

ஜூன் 5, காலை 6.50

நேற்று இரவு எழுதியதோடு ஒன்றைச் சேர்க்காவிட்டால் தவறாகப் போய்விடும். ரத்தத்திலிருந்து பொருள் தீர்ந்துவிட்டால் காரியமும் தீர்ந்துவிட்டது என்று ஆகாது. அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி விடும் கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள் செல்லுக்குள் புகுந்து மரபணுக்களைத் தட்டி எழுப்பிப் புதுப் புரதங்களைச் செய்ய வைக்கின்றன. புரதம் உருவாக நேரம் பிடிக்கும், உருவானது நிற்கவும் செய்யும். கார்டிசாலின் அரை ஆயுள் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான், ஆனால் அதன் விளைவு பல மணி நேரம் ஓடும். எனவே மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: அனுப்ப ஆகும் நேரம், அழிக்க ஆகும் நேரம், வாங்கிக்கொண்ட செல் மாறிக்கிடக்கும் நேரம். புத்தக அட்டவணை மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டது.

ஜூன் 5, இரவு 8.20

"இதெல்லாம் தனித்தனி உதாரணம். ஒரே ஒரு அளவை எடுத்துக்கொண்டு நரம்பும் ஹார்மோனும் அதை எப்படிச் சேர்ந்து பிடிக்கின்றன என்று சொல்ல முடியுமா?" நல்ல கேள்வி. ரத்த அழுத்தம்.

படுத்திருந்துவிட்டு எழுந்து நில்லுங்கள். அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால், வயிறு பக்கம் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், அழுத்தம் விழும். கழுத்தில் கரோட்டிட் தமனி பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளைவிலும் சுவர் எவ்வளவு விரிகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் நரம்பு முனைகள் உண்டு. விரிவு குறைந்தது என்ற செய்தி 9ஆம், 10ஆம் மூளை நரம்புகள் வழியாக மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போகிறது. ஓரிரு துடிப்புக்குள் வேகஸின் பிடி தளர்ந்து இதயம் வேகமாகிறது, சில வினாடிகளில் ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. நாம் எழுந்து நின்றதாக மட்டும்தான் நமக்குத் தெரியும்.

இது முதல் அடுக்கு. நின்றுகொண்டே இருந்தாலோ, ரத்தம் இழந்தாலோ, சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை விடுகிறது. அதன் செயலால் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உருவாகி குழாய்களை இறுக்குவது நிமிடக் கணக்கு. அது ஆல்டோஸ்டிரோனைத் தூண்டி, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைப்பது மணிக் கணக்கு. உப்போடு நீரும் நின்று ரத்தத்தின் கொள்ளளவே மாறுவது நாள் கணக்கு.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கழுத்தில் இருக்கும் அந்த முனைகள் இவ்வளவு கெட்டி என்றால், உயர் ரத்த அழுத்தம் என்ற நோயே வரக் கூடாதே? அழுத்தம் ஏறினால் உடனே தட்டி இறக்க வேண்டியதுதானே? இறக்கும், ஓரிரு நாளைக்கு. அழுத்தம் அதே உயரத்தில் நீடித்தால் அந்த முனைகள் அதையே சாதாரணம் என்று எடுத்துக்கொண்டு அதைக் காக்கத் தொடங்கிவிடும். நீண்ட கால அழுத்தத்தில் கடைசி வார்த்தை சிறுநீரகத்துடையது. பிரஷர் மாத்திரைகளில் பல சிறுநீரகத்தின் உப்பு, நீர்க் கணக்கில் கை வைப்பது அதனால்தான்.

ஜூன் 6, காலை 9.00

சின்னக் குறிப்பு. எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20, அல்லது கீழ் அழுத்தம் 10 விழுந்தால் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயில் இந்த நரம்புகளே பழுதாகலாம். வயதானவர்கள் கட்டிலை விட்டு எழும்போது கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு எழச் சொல்வது சும்மா சொல்லும் அறிவுரை இல்லை.

ஜூன் 6, இரவு 11.10

நரம்பையும் ஹார்மோனையும் பிரித்துப் பார்க்க முடியுமா என்று ஒருவர். முடியும். இதய மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் உடலில் அது கிட்டத்தட்டப் பிரிந்தே கிடக்கிறது. மாற்றி வைத்த இதயத்தில் பழைய நரம்புகள் அறுந்துவிடும். ஓய்வில் அது நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். காரணம், நம் இதயத்தின் சொந்த வேகமே 100 பக்கம்தான். வேகஸ் இழுத்துப் பிடித்து வைத்திருப்பதால்தான் நமக்கு 70. பிடி அறுந்த இதயம் தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது.

இவர்கள் மாடி ஏறத் தொடங்கினால் துடிப்பு உடனே ஏறாது. அட்ரினல் சுரப்பி விட்ட அட்ரினலின் ரத்தத்தில் வந்து சேர்ந்த பிறகு மெல்ல ஏறும். ஏறி முடித்து உட்கார்ந்தாலும் உடனே இறங்காது. அதுவும் மெல்லத்தான். தொடக்கத்திலும் முடிவிலும் கூர்மை போய்விட்டது, நடுவில் வேலை நடக்கிறது. அதனால்தான் இவர்களை உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் கூடுதல் நேரம் மெதுவாக நடக்கச் சொல்கிறார்கள். சிலருக்கு ஆண்டுகள் போகப் போக நரம்புகள் ஓரளவு மீண்டும் வளர்ந்து சேர்வதும் உண்டு.

அட்டவணையைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இதுதான் நல்ல ஆதாரம். நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

ஜூன் 8, மாலை 5.30

இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் "வேகஸ் நரம்பை எழுப்ப ஐந்து வழிகள்" என்ற காணொளியை யாரோ ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வேகஸ் தூங்கவில்லை ஐயா. தூங்கியிருந்தால் உங்கள் இதயம் 100இல் ஓடிக்கொண்டிருக்கும், மேலே பாருங்கள். மெதுவாக மூச்சை வெளியே விடும்போது துடிப்பு சற்றுக் குறைவது உண்மை, அதில் வேகஸுக்குப் பங்கு உண்டு. அங்கிருந்து மூட்டு வலி, முடி உதிர்வு, கடன் தொல்லை எல்லாம் தீரும் என்று போவதற்கு நடுவில் நிறைய தூரம் இருக்கிறது.

அதே மாதிரி "அட்ரினல் களைப்பு". மன அழுத்தத்தில் உழைத்து உழைத்து அட்ரினல் சோர்ந்துபோய்விடும் என்ற இந்தக் கதையை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஒரு நோயாக ஏற்பதில்லை. அட்ரினல் உண்மையிலேயே செயலிழக்கும் நோய் வேறு. அது ரத்தப் பரிசோதனையில் தெரியும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. களைப்பாக இருப்பவர் களைப்பாகத்தான் இருக்கிறார், அதை நான் சந்தேகப்படவில்லை. காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும் என்கிறேன்.

மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் 90 சதவீதம் குடலில் இருப்பதால் மனநிலையே குடலில்தான் என்று இன்னொருவர். குடலில் அவ்வளவு இருப்பது சரி. அது ரத்தம்–மூளைத் தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போவதில்லை. குடல் மூளையோடு பேசுகிறது, இந்த வழியாக இல்லை.

ஜூன் 8, இரவு 10.45

அப்பா விஷயத்தை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

அவருக்குச் சர்க்கரைக்கு இன்சுலின். இதயத்துக்கு பீட்டா தடுப்பு மாத்திரை. ஒரு நாள் சட்டை முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தார். படபடப்பு இல்லை, நடுக்கம் இல்லை. "புழுக்கமாக இருக்கிறது" என்றார். பேச்சில் ஒரு இழுவை தெரிந்ததால் குளுக்கோமீட்டரில் பார்த்தோம். 50க்கும் கீழே.

சர்க்கரை குறைந்தால் உடல் என்ன செய்யும்? 70 பக்கம் வரும்போதே கணையம் குளுக்ககான் என்ற ஹார்மோனை விட்டு, கல்லீரலில் சேர்த்து வைத்ததை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறது. கூடவே பரிவு நரம்புகளும் அட்ரினலினும் எழுகின்றன. படபடப்பு, நடுக்கம், வியர்வை, பசி எல்லாம் அந்த எழுச்சியின் அடையாளங்கள். சர்க்கரை குறைந்தது நமக்கு நேரடியாகத் தெரிவதில்லை. உடல் அதைச் சரிசெய்ய ஓடும் சத்தம்தான் கேட்கிறது. இன்சுலின் ஊசி போட்டவருக்கு இன்னொரு சிக்கல்: குறைந்ததும் கணையம் தன் இன்சுலினை நிறுத்திவிடலாம், ஊசியில் போனதை நிறுத்த முடியாது. செய்தி தீரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பீட்டா தடுப்பு மாத்திரை அட்ரினலினின் சில ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. அதனால் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிவிடும். வியர்வை மட்டும் ஏன் தப்பியது? வியர்வைச் சுரப்பிகளுக்குப் போவதும் பரிவு நரம்புதான், ஆனால் அவற்றின் முனையில் வெளிவருவது அசிட்டைல்கோலின். பீட்டா தடுப்புக்கு அங்கே வேலை இல்லை. இந்த ஒரு விதிவிலக்கு அன்று எங்களைக் காப்பாற்றியது. குளுக்கோஸ் 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்கும் வழக்கமான முறையில் சரியானார். நினைவு தவறியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நேராக மருத்துவமனைதான்.

அந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று நான் கேட்டேன். இதயத்துக்கு அது தேவை, நிறுத்த வேண்டாம், காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள் என்றார் மருத்துவர். அடிக்கடி சர்க்கரை தாழ்பவர்களுக்கு, மாத்திரை எதுவும் இல்லாமலே இந்த எச்சரிக்கைகள் மழுங்கிப்போவதும் உண்டு. இன்சுலின் போடுபவர்களின் வீட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஜூன் 10, காலை 7.40

ஒரு வாரமாக நான் எழுதியதெல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கிறது என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது: அளவு விலகும், உடல் கண்டுபிடிக்கும், திருத்தும். உடலியலாளர் வால்டர் கேனன் 1926இல் உடல் சமநிலைக்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தபோதிருந்து இதுதான் பாடம். அதற்கும் முன்னால் 19ஆம் நூற்றாண்டிலேயே கிளாட் பெர்னார் உடலின் உள்சூழல் மாறாமல் இருப்பதைப் பற்றிப் பேசிவிட்டார். ஆனால் விலகிய பிறகு திருத்துவது பாதிக் கதைதான். உடல் பல நேரம் விலகலுக்கு முன்பே கிளம்பிவிடுகிறது.

தாகத்தோடு தண்ணீர் குடியுங்கள். சில வாயிலேயே தாகம் அடங்கும். குடித்த நீர் ரத்தத்தில் கலந்து அடர்த்தியைக் குறைக்க இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. வாயும் தொண்டையும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டன, மூளை நம்பிவிட்டது. ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதுவதற்கு முன்பே துடிப்பு ஏறுகிறது. விடியற்காலை, நாம் கண் விழிப்பதற்கு முன்பே கார்டிசால் ஏறத் தொடங்கிவிடுகிறது. 1988இல் ஸ்டெர்லிங், ஐயர் என்ற இருவர் இதற்கு அலோஸ்டாசிஸ் என்று தனியாகவே ஒரு பெயர் கொடுத்தார்கள்: மாறாமல் இருப்பதற்காக மாறிக்கொள்வது. புதுப் பெயர் தேவையா என்று சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. எனக்குப் பெயரில் அக்கறை இல்லை, முன்கூட்டிக் கிளம்புவது நடக்கிறது என்பதில்தான்.

காய்ச்சல் இன்னொரு வகை. அங்கே இலக்கே நகர்கிறது. தொற்று வந்ததும், உடல் வெப்பத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கூடி, உடல் 39 டிகிரியை நோக்கிப் போக வேண்டும் என்று ஆகிவிடுகிறது. அப்போது 37இல் இருக்கும் உடல் தனக்குக் குளிர்வதாகவே நினைக்கும், நடுங்கும், போர்வையைத் தேடும். பாராசிட்டமால் அந்த இலக்கைத் திரும்ப இறக்குகிறது, அதனால் வியர்த்துக் காய்ச்சல் விடுகிறது. வெயில் தாக்கி உடல் 40 டிகிரியைத் தாண்டுவது முற்றிலும் வேறு. இலக்கு 37இலேயே நிற்கிறது, உடலால் சூட்டை வெளியேற்ற முடியவில்லை. அங்கே பாராசிட்டமால் உதவாது. உடனே உடலைக் குளிர்விக்க வேண்டும். தெர்மாமீட்டர் காட்டுவது ஒரே எண்ணாக இருந்தாலும் உள்ளே நடப்பது வேறு.

ஜூன் 10, இரவு 9.15

"எந்தக் கட்டத்திலும் சேராத ஒன்றைச் சொல்லுங்கள்" என்று முதலில் கேள்வி கேட்டவரே கேட்கிறார். கட்சி மாறுகிறார் போல.

வாசோபிரெசின், அதாவது சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன். அதைச் செய்வது ஹைப்போதலாமஸில் உள்ள நரம்பு செல். அந்த செல்லின் நீண்ட இழை பிட்யூட்டரியின் பின்பகுதி வரை இறங்குகிறது. மின் துடிப்பு அந்த இழை வழியாக வருகிறது, முனையில் பொருள் வெளிவருகிறது. இதுவரை அச்சு அசல் நரம்பு. ஆனால் முனைக்கு எதிரே இன்னொரு செல் இல்லை, ரத்தக்குழாய் இருக்கிறது. ரத்தத்தில் போய் சிறுநீரகத்தில் வேலை செய்கிறது. இப்போது ஹார்மோன். ரத்தத்தின் அடர்த்தி 1 சதவீதம் ஏறினாலே இந்த செல்கள் விழித்துக்கொள்ளும்.

வரலாற்றிலும் இந்தக் கோடு அழிந்து அழிந்து வரையப்பட்டதுதான். கணைய நீர் சுரப்பது நரம்பின் வேலை என்பது ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவும் அவர் வழிவந்தவர்களும் சொன்ன கருத்து. 1902இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு, அதில் அமிலத்தை விட்டார்கள். கணையம் அப்போதும் சுரந்தது. ரத்தத்தின் வழியாக ஏதோ போகிறது என்று செக்ரெட்டின் என்ற ஹார்மோனைக் கண்டார்கள். அதனால் பாவ்லோவ் தோற்றார் என்று எழுதுவார்கள். வேகஸும் கணையத்தைச் சுரக்க வைக்கிறது என்பது இன்றைக்கும் நிற்கிறது. இரண்டு வழியும் இருக்கிறது.

ஜூன் 12, காலை 8.05

தனிமடலில் வந்த கேள்வி, பெயரில்லாமல் இங்கேயே பதில் சொல்கிறேன், பலருக்கும் பொருந்தும். மூட்டு வாதத்துக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை போட்டவர், வலி போய்விட்டது என்று சட்டென நிறுத்தலாமா என்கிறார்.

கூடாது. ரத்தத்தில் ஸ்டீராய்டு இருப்பதைப் பார்த்து ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் "போதுமான அளவு இருக்கிறது" என்று கட்டளையை நிறுத்திவிட்டன. கட்டளை வராத அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி சுருங்கியிருக்கும். மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் வீழ்ச்சி என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கட்டளைச் சங்கிலி மீண்டும் எழ வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். எவ்வளவு, எத்தனை நாளில் குறைப்பது என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். இடையில் காய்ச்சலோ அறுவையோ வந்தால் ஸ்டீராய்டு போட்டுவந்த விஷயத்தை அங்கே சொல்லியே ஆக வேண்டும்.

ஜூன் 12, இரவு 7.50

அவரே திரும்பக் கேட்கிறார்: கார்டிசால் பரிசோதனைக்குக் காலை 8 மணிக்கு வரச் சொன்னார்கள், மாலை வேலை முடிந்து போனால் ஆகாதா?

ஆகாது. கார்டிசால் விழிக்கும் நேரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், நள்ளிரவுப் பக்கம் அடிமட்டத்துக்கு வரும். மாலையில் எடுத்த எண் குறைவாக இருந்தால் அது நோயா நேரமா என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் இரவு வேலை பார்த்துப் பகலில் தூங்குபவர் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள், நேரத்தை மாற்றித் தருவார்கள். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போவதா, ரத்தம் கொடுத்த பிறகு போடுவதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், சில ஸ்டீராய்டுகள் அந்தப் பரிசோதனையிலேயே கார்டிசால் மாதிரி தலைகாட்டும்.